பச்சைக்கு வண்டி வராது

ஆவடைப்பட்டி துணை சுகாதார நிலையத்தின் செவிலியர் ஞானப்பூ, அந்த ஐப்பசி மாதத்தில் மட்டும் மாவட்ட மையத்தை நாற்பத்து மூன்று முறை தொலைபேசியில் அழைத்தாள். பெரும்பாலும் சொன்னது ஒன்றுதான்: ஊசி போட்ட பெண்களை நோயாளி என்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கிடைத்த பதிலும் ஒன்றுதான். காப்பு தவறு செய்யாது அம்மா.

காப்பு என்றால் தாய்க்காப்பு. நீலக் காய்ச்சல் பரவிய மூன்றாம் ஆண்டில் அரசு கர்ப்பிணிகளுக்கு மாட்டிவிட்ட வளையம். அந்தக் காய்ச்சல் மற்றவர்களுக்கு வந்தால் நாலு நாள் இருமலோடு போய்விடும். வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்கு வந்தால் நகக்கண் நீலமாகும், மூச்சு முட்டும், ஒரு வாரத்துக்குள் தாயோ பிள்ளையோ இருவருமோ போவார்கள். ஞானப்பூவின் பொறுப்பில் இருந்த நாலு ஊர்களில் இரண்டு வருடத்தில் ஒன்பது பெண்கள் போயிருந்தார்கள். ஒன்பது பேரின் கர்ப்பப் பதிவையும் நீக்கிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அதனால் காப்பு வந்தபோது அவளைவிட அதிகமாக மகிழ்ந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

முழங்கைக்கு மேலே மாட்டும் பட்டை அது. உட்புறத்தில் முடியைவிட மெல்லிய ஊசிகள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு ரத்தத்தை இழுத்து, அதிலுள்ள வெள்ளணுக்களைப் படித்து, முடிவை மாவட்ட மையத்துக்கு அனுப்பும். புதிதாக ஒரு கையில் மாட்டினால் இருபது நிமிடத்தில் முதல் கணக்கைச் சொல்லிவிடும். நலமென்றால் பச்சை விளக்கு, தொற்று என்றால் சிவப்பு. சிவந்த ஒரு மணி நேரத்துக்குள் வண்டி வந்து தாயைத் தனிமை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும். பிராணவாயு, கிருமியை முறிக்கும் மருந்து எல்லாம் அங்கேதான். காப்பை மாட்டவும் கழற்றவும் செவிலியரின் சாவியால் மட்டுமே முடியும்.

பயிற்சி நாளில் மாவட்டத் தாய்சேய் நல அலுவலர் டாக்டர் செந்தூர்பாண்டி அதை அழகாகவே விளக்கினார்.

"வெள்ளணுக்கள் நம்ம உடம்போட காவல்காரங்க. கர்ப்பத்துல அவங்களுக்கு ஒரு சங்கடம் வருது. உள்ள வளர்ற பிள்ளையில பாதி அப்பாவோடது. உடம்போட கணக்குல அது வேத்தாளு. வேத்தாள அடிக்கவும் கூடாது, கிருமிய விடவும் கூடாது. அந்த நிலைமையில கிருமி உள்ள வந்தா அவங்க ஒரு கூச்சல் போடுவாங்க பாருங்க, அதைத்தான் இந்தக் காப்பு கேக்குது."

ஞானப்பூ எழுந்து, நீலக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டாலும் காவல்காரர்கள் கூச்சல் போடுவார்களே என்று கேட்டாள். அது வேறு மாதிரிக் கூச்சல் என்றார் அவர். ஊசிக்கு அதட்டுவார்கள், கிருமிக்கு அலறுவார்கள், கணினிக்கு வித்தியாசம் தெரியும். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தானா என்று அவள் விடாமல் கேட்டாள். தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

மீதி இரண்டு சதவீதமும் தன் நாலு ஊர்களில்தான் குடியிருக்கிறதோ என்று ஞானப்பூவுக்குச் சீக்கிரமே தோன்ற ஆரம்பித்தது.

முதலில் சிக்கியவள் செண்பகக்கனி. முதல் ஊசிக்கு அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசியைப் புதன்கிழமை போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை காப்பு சிவந்தது. வண்டி வந்தது. ஞானப்பூ ஊசிப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வண்டியின் உதவியாளரிடம் காட்டினாள். அவன் தன் கைத்திரையை அவளிடம் காட்டினான். அதில் சிவப்பு என்றுதான் இருந்தது. இரண்டு வயதுப் பிள்ளை தெருவில் கத்திக்கொண்டிருக்க அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். நாலாம் நாளே பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் விதிப்படி பதினாலு நாள், உண்மையாகவே நோய் வந்த பெண்களின் நடுவில் கிடந்தாள். திரும்பி வந்தபோது பிள்ளை அவளிடம் போகாமல் அப்பா காலைக் கட்டிக்கொண்டது. மறுநாள் குழாயடியில் அவள் ஒரே ஒரு செய்தியைத்தான் சொன்னாள். ஊசி போட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இன்னும் இரண்டு பேருக்கும் அப்படியே நடந்ததும், புதன்கிழமைகளில் ஞானப்பூ மருந்துப் பெட்டியோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒருத்தியும் வரவில்லை. வீடு வீடாகப் போனாள். "என் மருமவ பச்சையா இருக்கா, அவளச் செவக்க வச்சிராதீய நர்சம்மா" என்றார்கள். பச்சை ஒரு பெருமையாகிவிட்டது. பிள்ளைகள் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று கேட்பதுபோல மருமகள் எத்தனை வாரமாகப் பச்சை என்று கேட்டுக்கொண்டார்கள்.

இதையெல்லாம் மையத்துக்கு எழுதினாள், பேசினாள், நேரில் போய்ச் சொன்னாள். ஊசி போடும் சதவீதம் உங்கள் ஊர்களில் குறைந்திருக்கிறது, காரணம் கேட்டு விளக்கக் கடிதம் வரும் என்றார்கள். வந்தது. காரணத்தை எழுதினாள். காரணம் ஏற்கத்தக்கதல்ல என்று இன்னொன்று வந்தது.

சண்முகத்தாய் வீட்டில் இரண்டு மருமகள்களும் ஒரே சமயத்தில் முழுகாமல் இருந்தார்கள். சண்முகத்தாய் பீடி சுற்றுகிறவள். நாளொன்றுக்கு ஆயிரம் சுற்றுவாள், சுற்றிக்கொண்டே தெருவையும் ஆளுவாள். மூத்தவள் தங்கபுஷ்பத்துக்கு ஏழு மாதம். அவள் புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். இளையவள் உலகேஸ்வரிக்கு ஆறு மாதம். அவள் புருஷன் கொல்லத்தில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தான். ஓரகத்திகள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. எரிவாயு அடுப்பில் எவள் பாத்திரத்தை முதலில் வைப்பது என்பதிலேயே பேச்சு நின்றுபோயிருந்தது.

தங்கபுஷ்பம் ஊசியே வேண்டாம் என்றுவிட்டாள். அவள் காப்பு பதினெட்டு வாரமாகப் பச்சை. சண்முகத்தாய் அதைத் தெருவில் சொல்லாத நாள் கிடையாது. உலகேஸ்வரி வேறு மாதிரி. அவளுடைய சித்தி மகள் நீலக் காய்ச்சலில் போனதை ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்தவள். ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து முதல் ஊசியைப் போட்டுக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து, மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லி இரண்டாவதையும் போட்டுக்கொண்டாள். சிவந்தால் என்ன செய்வாய் என்று ஞானப்பூ கேட்டதற்கு, "சிவந்தா ஏசுவாவ. சாவமாட்டேம்லா?" என்றாள்.

மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை முற்பகல் பதினொன்றரைக்கு உலகேஸ்வரியின் காப்பு சிவந்தது. செய்தி ஞானப்பூவின் கைபேசிக்கு வந்தது. வண்டி கிளம்பிவிட்டது, ஒரு மணி நேரத்தில் தாயைத் தயாராக வைக்கவும். அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் சண்முகத்தாயிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு போனாள்.

வாசலிலேயே சண்முகத்தாய் பிடித்துக்கொண்டாள். யாரைக் கேட்டு ஊசி போட்டாய், என் வீட்டுக்கு வண்டி வரவைத்துவிட்டாயே, தெருவில் தலைகாட்ட முடியுமா என்று பத்து நிமிடம் பேசினாள். ஞானப்பூவும் பொறுமை இழந்து இரண்டு வார்த்தை திருப்பிச் சொன்னாள். அந்த இரைச்சலுக்கு நடுவில் உள்ளறையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. யார் என்று கேட்டாள். மூத்தவளுக்கு நாலு நாளாகச் சளி, பச்சையாகத்தான் இருக்கிறது, ஒன்றுமில்லை என்றாள் சண்முகத்தாய்.

ஞானப்பூ உள்ளே போனாள். தங்கபுஷ்பம் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் பேசினாள். ஞானப்பூ அவள் கையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். பத்து நகமும் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தன. விரலில் மாட்டிய கருவி எண்பத்தாறு என்றது. தொண்ணூற்று நாலுக்குக் குறையக்கூடாத எண் அது. அந்தக் கையின் மேலே காப்பு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

முந்தைய நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆட்டோவில் போய் வந்ததாகப் புருஷன்காரன் சொன்னான். அங்கிருந்த மருத்துவர் காப்பைப் பார்த்தார், மருந்து எழுதிக் கொடுத்தார். அனுமதிக்கலாமா என்று கேட்டதற்கு, கர்ப்பிணிக்குக் கட்டில் ஒதுக்க வேண்டுமானால் காப்பு சிவந்திருக்க வேண்டும், என் கையில் இல்லை என்றாராம். தனியார் மருத்துவமனை இரண்டிலும் காப்பு போட்டவளைத் தொடமாட்டோம், அரசு விதி என்று சொல்லிவிட்டார்கள்.

ஞானப்பூ மையத்தை அழைத்தாள். அந்த மாதத்தின் நாற்பத்து மூன்றாவது அழைப்பு. செந்தூர்பாண்டியே எடுத்தார்.

"சார், நகம் நீலமா இருக்கு. பிராணவாயு எம்பத்தாறு. கண்ணு முன்னால பாத்துக்கிட்டு நிக்கேன்."

"காப்பு என்ன சொல்லுது?"

"பச்சை."

"பச்சைன்னா தொற்று இல்லம்மா. ஆஸ்துமா எதுவும் இருக்கானு பாருங்க."

"வண்டி அனுப்புங்க சார். பெறவு பாக்கலாம்."

"பச்சைக்கு வண்டி வராது. நான் அனுப்பமாட்டேன்னு சொல்லல. என் திரையில அதுக்குப் பொத்தானே கிடையாது."

அதே வீட்டுக்கு இன்னொருத்திக்காக வண்டி வந்துகொண்டிருக்கிறது, அவள் நன்றாக இருக்கிறாள், அந்த வண்டியில் இவளை ஏற்றுகிறேன் என்றாள். பெயர் மாறினால் தனிமை மருத்துவமனையில் கதவு திறக்காது என்றார் அவர். எழுத்தில் அனுப்புங்கள், திங்கட்கிழமை குழுவில் வைக்கிறேன் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. போனை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

இத்தனை நாள் அவள் பாதியைத்தான் பார்த்திருந்தாள். காப்பு நோயைப் பார்க்கவில்லை. உடம்பு போடும் கூச்சலைப் பார்க்கிறது. ஊசியால் விழித்துக்கொண்ட உடம்பு கூச்சல் போடுகிறது, சிவக்கிறது. அதை வண்டி வந்து கொண்டுபோகிறது. கிருமி வந்து காவல்காரர்களை மயக்கிப் போட்ட உடம்பு ஊமையாகக் கிடக்கிறது, பச்சையாக இருக்கிறது. அதை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. போன மாதம் பக்கத்து வட்டாரத்தில் 'காரணம் தெரியாமல்' இறந்த பெண் பச்சையாக இருந்தாளா என்று யாராவது கேட்டார்களா?

உலகேஸ்வரி இரண்டு சேலையை ஒரு பையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். ஞானப்பூ அவளை அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். தான் செய்ய நினைப்பதைச் சொன்னாள். காப்புக்கு ஆளைத் தெரியாது, ரத்தத்தை மட்டும்தான் தெரியும். தங்கபுஷ்பத்தின் பெயரில் உள்ள காப்பை உலகேஸ்வரியின் கையில் மாட்டினால் அது சிவக்கும். வண்டி தங்கபுஷ்பத்துக்கு வரும். உலகேஸ்வரியின் காப்பைத் தங்கபுஷ்பத்தின் கையில் மாட்டினால் பச்சையாகும். உலகேஸ்வரிக்கு வரும் வண்டி ரத்தாகும்.

சொல்லிவிட்டு, சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய இன்னொன்றையும் சொன்னாள்.

"ஒரே வீடு. ஒனக்கும் தொத்தியிருக்கலாம். ஒன் சிவப்பு ஊசியாலதான்னு நெனைக்கேன். ஆனா சத்தியம் பண்ண முடியாது. அப்படி நோயா இருந்தா, நீ இங்க கெடப்ப, ஒனக்கு வண்டி வராது."

உலகேஸ்வரி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். உள்ளறையில் மறுபடியும் இருமல் கேட்டது.

"எனக்கு ரெண்டு ஊசி ஒடம்புல கெடக்கு," என்றாள். "அக்காளுக்கு ஒண்ணுகூட இல்ல. கழத்துங்க."

சண்முகத்தாய் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஏசப்போகிறாள் என்று ஞானப்பூ நினைத்தாள். அவள் போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

தங்கபுஷ்பம் மட்டும் முணுமுணுத்தாள். தன் காப்பு பச்சைதானே, ஏன் கழற்றுகிறீர்கள் என்றாள். ஞானப்பூ சாவியைப் போட்டு இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டினாள். இருபது நிமிடம் ஓடவே இல்லை. பதினாறாம் நிமிடம் உலகேஸ்வரியின் கையிலிருந்த காப்பு சிவந்தது. இருபதாவது நிமிடம் தங்கபுஷ்பத்தின் கையில் இருந்தது பச்சையானது.

வண்டி தெருமுனையில் நின்றது. முகக்கவசம் போட்ட உதவியாளன் வீட்டுக்குள் வருவதில்லை. அதுவும் ஒரு விதி. கைத்திரையைப் பார்த்து, கிளம்பும்போது வேறு பெயர் இருந்தது, வழியில் மாறிவிட்டது என்றான். அதை நீங்கள் மையத்தைத்தான் கேட்க வேண்டும், காப்பு தவறு செய்யாது என்று ஞானப்பூ சொன்னாள். வண்டியில் ஏற்றும்போது காப்பைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும். இருவர் கையிலிருந்ததையும் ஞானப்பூ வீட்டுக்குள்ளேயே கழற்றியிருந்தாள். அவள் நீட்டிய சிவந்த காப்பை உதவியாளன் பையில் போட்டுவிட்டு, புருஷன்காரன் தூக்கிக்கொண்டு வந்தவளை ஏற்றிக்கொண்டான். கதவு மூடும்வரை தங்கபுஷ்பம் உலகேஸ்வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உலகேஸ்வரியின் காப்பை மறுபடி அவள் கையில் மாட்டினால் சிவந்துவிடும். ஞானப்பூ அதைப் பழுது என்று எழுதி அனுப்பினாள். பழுதான காப்பு திரும்பி வர இருபது நாள் ஆகும். அந்த அலுவலகத்தின் தாமதம் அவளுக்குப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த பதினாலு நாளும் அவள் காலை, மதியம், மாலை என்று அந்த வீட்டுக்குப் போனாள். உலகேஸ்வரியின் விரலில் கருவியை மாட்டி எண்ணைக் குறித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. நூற்றொன்று. அன்று முழுவதும் ஞானப்பூ தன்னையே திட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். சண்முகத்தாய் பீடித்தட்டைத் தொடவில்லை. கொல்லத்திலிருந்து புருஷன்காரன் மணிக்கொருமுறை பேசினான். மறுநாள் காய்ச்சல் விட்டது. எண் தொண்ணூற்றேழுக்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை. வந்தது ஊசியின் காய்ச்சலா, கிருமியின் காய்ச்சலா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

தங்கபுஷ்பம் பதினோரு நாள் பிராணவாயுவில் இருந்தாள். ஒன்பதாம் நாள் அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, ஒன்றரைக் கிலோ. அரை நாள் தாமதித்திருந்தால் இருவரும் இல்லை என்று அங்குள்ள மருத்துவர் சொன்னாராம். வீடு திரும்பியவள் ஓரகத்தியிடம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் எழுந்தபோது உலகேஸ்வரியின் பாத்திரம் அடுப்பில் முதலில் ஏற்றப்பட்டிருந்தது. தை மாதம் உலகேஸ்வரிக்கும் நாள் நிறைந்து பிள்ளை பிறந்தது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஞானப்பூவுக்குத் தெரியும். பேனாவை எடுத்தாள், வைத்தாள். சொன்னால் வேலை போகும். அந்த இரண்டு பெண்களையும் விசாரணைக்கு இழுப்பார்கள். ஓய்வுபெற இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தது. இரண்டு உயிரும் பிழைத்துவிட்டன, போதாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூன்று மாதத்தை ஓட்டினாள்.

மாசி மாதம் மாவட்ட மையத்திலிருந்து கடிதம் வந்தது. விளக்கம் கேட்டுத்தான் என்று பிரித்தாள். பாராட்டுக் கடிதம். காப்பின் கணிப்பும் தாயின் உடல்நிலையும் ஒருமுறைகூட மாறுபடாத பதினோரு துணை சுகாதார நிலையங்களில் ஆவடைப்பட்டியும் ஒன்று. கடைசி ஆறு மாதக் கணக்கு. அவளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. செண்பகக்கனியும் அவளைப்போலச் சிவந்த மற்ற இருவரும் கணக்கில் வரவில்லை. அது அதற்கு முந்தைய பழைய மென்பொருளின் காலம் என்று தள்ளிவிட்டார்கள். கணக்கில் வந்தவர்கள் தங்கபுஷ்பமும் உலகேஸ்வரியும்தான்.

விழாவில் செந்தூர்பாண்டி திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார். பெயர் இல்லை, ஊர் மட்டும் இருந்தது. ஆவடைப்பட்டி, தாய் ஒன்று: பதினெட்டு வாரம் பச்சை, ஒருநாள் சிவப்பு, மருத்துவமனையில் கடும் தொற்று உறுதி. காப்பு சரியான நேரத்தில் காப்பாற்றியது. ஆவடைப்பட்டி, தாய் இரண்டு: ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம்போலச் சிவப்பு, தானாகவே பச்சை, நலமான குழந்தை. காப்பு தன்னைத் தானே திருத்திக்கொண்டது. இம்மாதிரி கோடுகளைப் படித்துக் கணினி மேலும் கற்றிருக்கிறது என்றார். கணிப்பு இப்போது தொண்ணூற்றொன்பதரை. ஆகவே அடுத்த மாதம் முதல் பச்சைத் தாய்மார்கள் மாதப் பரிசோதனைக்கு வர வேண்டியதில்லை. காய்ச்சல் என்று வந்தாலும் செவிலியரே மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம், மருத்துவர் பார்க்க வேண்டியதில்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். ஞானப்பூவின் கை மடியில் கிடந்தது. தான் சொன்ன பொய்யை அந்த இயந்திரம் பாடமாகப் படித்திருக்கிறது. அது தப்புச் செய்த இடத்தை அவளே துடைத்துச் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

விழா முடிந்ததும் அவர் அறைக்குப் போய் நின்றபடியே முழுவதையும் சொன்னாள். செந்தூர்பாண்டி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் சொல்றத கேளுங்க. என் தங்கச்சி முதல் வருஷம் போனா. வயித்துல எட்டு மாசம். இந்தக் காப்பு வந்தப்புறம் மாவட்டத்துல பாதிக்குப் பாதி சாவு குறைஞ்சிருக்கு. ஒரே ஒரு கேஸு தப்பாப் போச்சுன்னு இத நிறுத்தச் சொல்றீங்களா?"

"நிறுத்தச் சொல்லல சார். பச்சையா இருக்கிறவளையும் மனுஷன் ஒருத்தன் பாக்கணும்னு சொல்லுதேன். அது ஒரே ஒரு கேஸுதான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மத்த பத்து இடத்துலயும் எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

சான்றிதழை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போங்கள், நானும் இதைக் கேட்கவில்லை என்றார். அதைக் கருணையோடுதான் சொன்னார். அவள் வெளியே வந்து அலுவலக எழுத்தரிடம் இரண்டு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, நடந்ததைத் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். எழுத்தர் படித்துப் பார்த்துவிட்டு, யார் மேல் புகார் என்று கேட்டார். என் மேல்தான் என்றாள். தன் மேல் தானே கொடுக்கும் புகாருக்குப் பதிவேடு இல்லை என்றார். எதிலாவது பதியுங்கள் என்றாள். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு 'இதர' என்ற பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார்.

வாசல் படிக்கட்டில் மற்ற பத்துச் செவிலியர்களும் பேருந்துக்கு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மலையடிவாரத்து ஊரிலிருந்து வந்த பாத்திமுத்து, சுருட்டிய சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தாள். உள்ளே என்ன அவ்வளவு நேரம் என்று கேட்டாள். ஞானப்பூவுக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. முத்திரை குத்திய நகலை அவளிடம் கொடுத்தாள்.

பாத்திமுத்து அதை இரண்டு முறை படித்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்குத்தானா மாத்துனீய?" என்றாள்.

"ஏன்?"

"நான் ஏழு பேருக்கு."

ஞானப்பூவுக்குத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தாள். மற்ற ஒன்பது பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயதில் மூத்த ஒருத்தி நாலு என்றாள். தூணோரம் நின்றவள் ஒருத்தி எண்ணைச் சொல்லாமல் விரலை மட்டும் காட்டினாள்.

அவளுக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏன் ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாள்.

"நீங்க தொறந்தீயளா?" என்றாள் பாத்திமுத்து. "எங்க ஊருல மட்டுந்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஞானப்பூ எழுத்தரிடம் திரும்பிப் போய் ஒரு கட்டு வெள்ளைத்தாள் கேட்டாள். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் இன்னும் அரை மணி நேரமாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நாலு மணிக்குச் செந்தூர்பாண்டி பையோடு வெளியே வந்தார். வண்டியை எடுக்கச் சொல்லக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். படிக்கட்டு நெடுக, சான்றிதழை அட்டையாக மடியில் வைத்து, பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியிடமிருந்த தாளை வாங்கிப் படித்தார். அடுத்தவளிடமிருந்து வாங்கினார். அதற்கடுத்ததையும் வாங்கினார். பையைக் கீழே வைத்துவிட்டு மேல்படியில் உட்கார்ந்தார்.

"மொத்தம் எத்தனை பேரு?" என்று ஞானப்பூவிடம் கேட்டார்.

"இன்னும் எழுதி முடியல சார்," என்றாள் அவள். "இருங்க."